பனி போய் வேனில் வருவதைக் கண்டுகொள்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி பிறந்தால் போதும், மரமும் பறவையும் பார்த்துத் திரிகிறவன் என்று தெரிந்தவர்களெல்லாம் என்னிடம் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். "குயில் கூவுதே, வெயில் வந்தாச்சா?" "வாசல்ல இவ்வளவு சருகு கொட்டுதே, மரத்துக்கு ஏதும் நோயா?" வருஷா வருஷம் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நான் இருப்பது சென்னைக்குத் தெற்கே ஒரு புறநகரில். வளர்ந்தது காவிரிப் பக்கம். ஆகவே இதில் சமவெளிதான் அதிகம். மலைக்குத் தனியாக ஒரு பதில் உண்டு.

தமிழ்நாட்டில் வசந்தம் என்று ஒன்று உண்டா என்ன? வெயில், கடும் வெயில், கத்திரி வெயில், அவ்வளவுதானே?

இந்தக் கிண்டல் எனக்கும் பழகிவிட்டது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கிலும் வசந்தம் கிடையாது. ஜனவரி, பிப்ரவரி குளிர்காலம். மார்ச் பிறந்ததும் கோடை. நடுவில் ஒன்றுமில்லை.

ஆனால் மரங்களைக் கேட்டால் கதை வேறு. மாசி பாதியில் தொடங்கி பங்குனி முடிய ஐந்தாறு வாரம் நம் ஊர் மரங்கள் செய்கிற வேலையை வேறு எந்த மாதத்திலும் செய்வதில்லை. உதிர்ப்பது, தளிர்ப்பது, பூப்பது மூன்றும் ஒரே தெருவில் ஒரே வாரத்தில் நடக்கும். நமக்குத்தான் கண்ணில் படுவதில்லை. காலண்டரில் அச்சடித்த வசந்தத்தில் பனி உருகும், புல் முளைக்கும், வெயில் இதமாக அடிக்கும். இங்கே புல் காயும், குளம் வற்றும், வெயில் ஏறும். அதற்கு நடுவேதான் மரம் துளிர்க்கும். அதைத் தேடினால் கிடைக்காது, இதைத் தேட வேண்டும்.

இளவேனில் என்றால் சித்திரை, வைகாசி என்றுதான் பள்ளியில் படித்தோம். நீங்கள் மாசி, பங்குனி என்கிறீர்களே?

நல்ல கேள்வி. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற ஆறு பெரும்பொழுதில் மாசியும் பங்குனியும் பின்பனிக்கு உரியவை. சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில். ஆனால் இன்றைக்கு வைகாசியில் போய் யாரிடமாவது "இளவேனில்" என்று சொல்லிப் பாருங்கள்!

காரணம் ஓரளவுக்கு வானத்தில் இருக்கிறது. நம் மாதங்கள் விண்மீன்களை வைத்து ஓடுகின்றன. சூரியன் மேஷத்தில் நுழையும் நாள் சித்திரை 1. பருவங்களோ பூமியின் அச்சுச் சாய்வை வைத்து ஓடுகின்றன. அந்த அச்சு தலையாட்டும் பம்பரம் போல மிக மெதுவாகச் சுற்றுவதால், இரண்டு கணக்குக்கும் இடையே ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இடைவெளி விழுகிறது. சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன் சித்திரைப் பிறப்பும் பகலிரவு சமமாகும் மார்ச் 21-உம் ஒன்றாக இருந்தன. இன்று சித்திரை பிறப்பது ஏப்ரல் 14-இல். அந்தக் காலத்துச் சித்திரைப் பிறப்பு இன்றைய பங்குனி 7, 8-இல் வந்து விழும். பழைய கணக்கு தப்பில்லை. பெயர்ப்பலகை மட்டும் மூன்றரை வாரம் நகர்ந்துவிட்டது.

முதல் அறிகுறி எது? பூவா, குயிலா?

துடைப்பம். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தை கடைசியில் வாசல் பெருக்குகிறவர்களைக் கேளுங்கள். எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு புங்கமரம். மார்கழி முழுக்க ஒரு கைப்பிடி குப்பைதான் விழும். மாசி பிறந்ததும் காலையில் ஒரு முறை பெருக்கி, காபி குடித்துவிட்டு வந்தால் மறுபடி பெருக்கலாம். பக்கத்து வீட்டு அத்தை, "இந்தச் சனியனை வெட்டித் தொலைக்கணும்" என்று ஒவ்வொரு மாசியிலும் சொல்வார். பத்து நாள் கழித்து அதே மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்வார்.

அந்தப் பத்து நாளில் நடப்பதுதான் பார்க்க வேண்டியது. மரம் கிட்டத்தட்ட மொட்டையாகும். நுனிக்கிளையில் ஈரமாக, சுருண்டு, எண்ணெய் தடவியது போன்ற துளிர் தெரியும். நான்காம் நாள் அது கிளிப்பச்சை. வெயில் அந்த இலையில் புகுந்து வரும்போது திண்ணையே பச்சையாக இருக்கும். இரண்டு வாரத்தில் இலை முற்றிக் கருத்துவிடும், அப்புறம் அந்த வெளிச்சம் அடுத்த வருஷம்தான். பிறகு பூ: வெள்ளையும் இளம் ஊதாவும் கலந்து, பொரி கொட்டினாற்போல் தரையெங்கும். அத்தை மறுபடி துடைப்பத்தை எடுப்பார்.

தண்ணீர் குறைந்துகொண்டே போகும் காலத்தில் மரம் ஏன் புது இலை விடுகிறது? மழைக்குப் பிறகுதானே விட வேண்டும்?

வெப்பநாட்டு வறண்ட காடுகளைப் பார்த்தவர்கள் எல்லாரையும் குழப்பிய கேள்வி இது. குளிர்நாடுகளில் விடை எளிது. லண்டனில் டிசம்பர் கடைசியில் பகல் 8 மணி நேரம்கூட இல்லை, ஜூனில் 16 மணிக்கு மேல். வெளிச்சமும் வெப்பமும் திரும்பியதும் மரம் எழுந்துகொள்கிறது. சென்னையில் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் வித்தியாசமே ஒன்றரை மணி நேரம்தான்.

இங்கே மரம் பழைய இலையை உதிர்ப்பதே முதல் வேலை. இலை போனால் ஆவியாகும் நீர் நிற்கிறது. ஆழத்து வேர் உறிஞ்சுகிற நீர் உடம்பிலேயே தங்குகிறது. கிளை மறுபடி ஈரம் பிடித்ததும் மொட்டு விரிகிறது. வடகிழக்குப் பருவமழை தந்த நிலத்தடி ஈரம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது, வானத்தில் மேகம் இல்லை, வெயில் ஏராளம். இன்னொரு ஆதாயமும் உண்டு. இலை தின்னும் பூச்சிகள் பெருகுவது மழைக்குப் பிறகு. அதற்குள் இலையை முற்ற வைத்துவிட்டால் பாதிச் சேதம் மிச்சம்.

அரசமரத் தளிர், மாந்தளிர் எல்லாம் ஏன் சிவப்பாக இருக்கின்றன?

பச்சையம் சேருவதற்கு முன்பே ஆந்தோசயனின் என்ற செந்நிறமி வந்துவிடுகிறது. மெல்லிய இலையை வெயில் சுடாமல் காப்பதில் அதற்குப் பங்கு உண்டு; பச்சையம் இல்லாத இலையில் பூச்சிக்குச் சத்தும் குறைவு. வேப்பந்தளிரும் முதலில் செம்பு நிறம்தான், இரண்டு மூன்று நாளில் மாறிவிடும். பெண்ணின் நிறத்துக்கு மாந்தளிரை உவமை சொன்னவர்கள் மாசியில் மாந்தோப்பு பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

குயில் குளிர்காலத்தில் எங்கே போகிறது?

பெரும்பாலும் எங்கும் போவதில்லை. உங்கள் தெருவிலேயே, அதே மரத்திலேயே, வாயை மூடிக்கொண்டு இருக்கிறது. ஐப்பசி முதல் தை வரை அது பழம் தின்னும் ஒரு கறுப்புப் பறவை, அவ்வளவே. காக்கை என்று நினைத்து நாம் பார்க்காமல் போயிருப்போம். கண் சிவப்பாக இருந்தால் குயில்.

கூவுவது ஆண். கதையிலும் பாட்டிலும் குயிலைப் பெண்ணாக்கிவிட்டதால் இதைச் சொன்னால் பலர் ஒப்புவதில்லை. பெண்குயில் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்டது. அதன் குரல் "கிக் கிக் கிக்" என்று அவசரமாக ஓடும். ஆணின் "கூ... ஊ" ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலேறி, உச்சியில் சட்டென்று அறுந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கீழிருந்து தொடங்கும்.

முதல் கூவல் பொதுவாக அரைகுறையாகத்தான் இருக்கும். தையின் கடைசியில் விடிவதற்கு முன் ஒரு தொண்டைக் கரகரப்பு, இரண்டே படி, பிறகு ஒன்றுமில்லை. நான் குறித்து வைப்பது அதைத்தான். முழுக் கச்சேரி தொடங்குவது பங்குனியில், காக்கைகள் குச்சி பொறுக்கத் தொடங்கும்போது. குயிலுக்குச் சொந்தக் கூடு இல்லையே, காக்கைக் கூட்டில்தானே முட்டையிட வேண்டும்! ஆண் போய்க் காக்கையை வம்புக்கு இழுக்கும், காக்கை துரத்தும், பெண் அந்த நேரத்தில் காரியத்தை முடிக்கும். ஆகவே குயிலின் வசந்தம் காக்கையின் நாட்காட்டியில் இருக்கிறது. உங்கள் மொட்டைமாடியில் துணி மாட்டும் கம்பியைக் காக்கை பிடித்து இழுத்தால் அதையும் ஓர் அறிகுறியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

குயிலைத் தவிர வேறு எந்தக் குரலைக் கேட்கலாம்?

குக்குறுவான். செப்புப் பாத்திரத்தைத் தட்டுவது போல "டுக், டுக், டுக்" என்று நிறுத்தாமல் கேட்கும், ஆளைப் பார்ப்பது கடினம். உள்ளங்கையில் அடங்குகிற பச்சைப் பறவை, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு. குளிரில் மௌனம், வெயில் ஏற ஏறத் தட்டல். கருவேப்பிலை, ஆல், அத்தி மரம் பக்கம் நின்று தேடுங்கள்.

குண்டுக்கரிச்சான் விடியலில் பாடத் தொடங்கியிருக்கும். ஆன்டெனா, தண்ணீர்த் தொட்டி, எது உயரமோ அதன் மேல்.

காதைவிடக் கண்ணை நம்புகிறவர்கள் ஊதாத் தேன்சிட்டைப் பாருங்கள். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் தன் பளபளப்பைக் கழற்றி வைத்துவிடும்: மேலே மங்கல், கீழே மஞ்சள், தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரே ஒரு கருங்கோடு. தையில் அந்தக் கோட்டைச் சுற்றித் திட்டுத்திட்டாகக் கறுப்பு படரும். பாதி சாயம் முக்கியது போன்ற அந்தக் கோலம்தான் எனக்குப் பிடித்தது. மாசிக்குள் முழுதும் கருநீலமாகி, முருங்கைப் பூவில் வெயில் படும்போது மின்னும்.

குளிர்நாடுகளில் வசந்தம் வந்தால் பறவைகள் திரும்பி வருமாம். இங்கே?

இங்கே கிளம்பும். அங்கே அவர்கள் வரவேற்கும் அதே தகைவிலான்களை நாம் வழியனுப்புகிறோம். பிப்ரவரி, மார்ச்சில் ஏரிக்கரை மின்கம்பியில் தகைவிலான்கள் பாசிமணி கோத்தாற்போல் நெருக்கி உட்கார்ந்திருந்தால் பயணத்துக்குக் கூடுகின்றன என்று பொருள். ஒரு நாள் கம்பி வெறுமையாக இருக்கும்.

ஆறுமணிக்குருவி என்று நம்மவர்கள் அழகாகப் பெயர் வைத்த பறவை, காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் ஒட்டிக் குரல் கொடுக்கும். ஐப்பசியில் வந்து தோட்டத்துச் சருகைக் கிளறிக்கொண்டிருந்தது, சித்திரை வாக்கில் மத்திய இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் போய்விடும். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் மாலையில் வானத்தில் புகை போலத் திரண்டு சுழலும் சூறைக்குருவிகள்தான் கடைசியில் கிளம்புகிறவை. அவை போகிற இடம் மத்திய ஆசியா, கிழக்கு ஐரோப்பா.

வருகையைக் குறிப்பது எளிது, கடைசி நாளைக் குறிப்பது கடினம். கடைசியாகப் பார்த்தது கடைசி என்று அன்றைக்குத் தெரியாதே. அதனால் பங்குனியில் நான் வாலாட்டிக்குருவியைப் பார்க்கும் ஒவ்வொரு நாளும் தேதி எழுதிவிடுவேன்.

எந்தெந்த மரத்தில் பூவைப் பார்க்கலாம்?

இலையில்லாத கிளையில் சிவப்பாகத் தெரிந்தால் நின்று பாருங்கள். மூன்றில் ஒன்றாக இருக்கும். முள்ளிலவு: உயரமான நேர்த் தண்டு, கை அகலத்துக்குத் தடித்த பூ. காலையில் அதன் அடியில் நின்றால் பூ "தொப்" என்று விழும் சத்தமே கேட்கும். மைனா, காகம், கரிச்சான், அணில் என்று மேலே ஒரு பந்தியே நடக்கும், தேன் அவ்வளவு. இலவு காத்த கிளி என்கிறோமே, அந்தக் கிளி காத்திருப்பதும் இந்த மாதங்களில்தான். காய் வெடித்துப் பஞ்சு பறப்பது பங்குனி, சித்திரையில். இரண்டாவது, கல்யாண முருங்கை: பூ கிளி மூக்குப் போல வளைந்து கொத்தாக இருக்கும். மூன்றாவது புரசு. செம்மஞ்சள் நெருப்பு. சென்னையில் புரசைவாக்கத்தின் பெயரில் இந்த மரம் இருக்கிறது. அங்குள்ள கங்காதீசுவரர் கோயிலின் தலமரமும் இதுதான்.

கல்லுக்குன்றுகளில் இலையற்ற கிளையில் பெரிய மஞ்சள் பூ தெரிந்தால் அது கோங்கு.

என் சிபாரிசு இலுப்பை. அதைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பங்குனியில் பழைய கோயில் தோப்பு எதற்காவது விடியலில் போங்கள். மரத்தடி முழுக்க வெளிர்மஞ்சளில் சதைப்பற்றான சிறு பூக்கள் கிடக்கும். இரவில் பழந்தின்னி வவ்வால் வந்து போயிருக்கும். ஒன்றை எடுத்து வாயில் போட்டால் முதலில் வெல்லம், பின்னால் ஒரு கனத்த, புளித்த வாசனை. ஆலை இல்லாத ஊரில் இது சர்க்கரையாக இருந்தது என்பது அப்போது நம்ப முடியாததாக இராது.

மாமரம் எப்போதோ பூத்துவிட்டதே?

ஆமாம், மா அவசரக்காரி. மார்கழி, தையிலேயே பூ வந்துவிடும். மாசியில் பார்க்க வேண்டியது பூ கருகுவதையும் பிஞ்சு நிற்பதையும். ஒரு பூங்கொத்தில் ஆயிரத்துக்கு மேல் பூ இருக்கலாம், நிற்பது ஒன்றிரண்டு. மரத்தடியில் நிறுத்திய ஸ்கூட்டர் சீட் பிசுபிசுக்கிறதா? தத்துப்பூச்சி சாறு உறிஞ்சிக் கழிக்கும் தேன்துளி அது. பனி மூட்டம் தொடர்ந்தால் சாம்பல் நோய் வந்து பூ கொட்டும், அதனால் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பருவம் ரசிப்பதற்கு இல்லை. நமக்கு மாவடு வந்தால் சரி. சந்தையில் முதல் வடு வரும் நாளையும் குறிப்பில் சேருங்கள்.

மாசியிலும் காலையில் குளிர்கிறதே. பனி முடிந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது?

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று பழமொழியே இருக்கிறது. சிவராத்திரியோடு குளிர் "சிவ சிவா" என்று போய்விடும் என்பார்கள், அதுவும் ஏறக்குறைய சரி. காலையில் புல்லில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். கால் நனையாத முதல் வாரம் பனி முடிந்த வாரம். வானம் தெளிவாக, காற்று வறண்டு இருப்பதால் மாசியில் இரவு குளிர்ந்து பகல் சுடும். சளி பிடிப்பதற்கும் அதைத்தான் வீட்டில் சொல்வார்கள்.

ஊட்டி, கொடைக்கானலில்?

அங்கே நிஜமாகவே குளிர்காலம் உண்டு. நீலகிரிப் பள்ளத்தாக்குகளில் உறைபனி புல்லைக் கருக்கிவிடும். அது நின்றபின் சோலைக்காட்டைப் பாருங்கள். நாவல் இனத்து மரங்கள் சிவப்பும் செம்பும் வெண்கலமுமாகத் தளிர்க்கும்போது, காடே இலையுதிர்காலத்து ஐரோப்பா போல இருக்கும். நடப்பது அதற்கு நேர் எதிர். காட்டுப்பூவரசின் ரத்தச் சிவப்புப் பூக்கள் பனியோடு தொடங்கி மார்ச் வரை நிற்கும். சாலையோரத்து ஊதா ஜகரண்டா அழகுதான், ஆனால் தென்னமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி.

நமக்கு வசந்த விழா ஏதும் இல்லையா?

காமன் பண்டிகை. தஞ்சை வட்டாரத்தில் மாசி வளர்பிறையில் ஆமணக்கு, கரும்பு என்று நட்டு அதைக் காமனாகப் பாவித்து, பௌர்ணமியில் எரிப்பார்கள். காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி; இரண்டும் டேப் என்ற தோல்வாத்தியம் தட்டி, லாவணி என்ற வாதப் பாட்டில் மோதிக்கொள்ளும். சின்ன வயதில் எரியாத கட்சி தோற்றதற்காக நான் அழுதிருக்கிறேன். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும் காமன் கூத்து உண்டு. கோயில்களில் வசந்த உற்சவம் வைகாசி வாக்கில். மதுரைப் புதுமண்டபம் அதற்காகத் திருமலை நாயக்கர் கட்டிய வசந்த மண்டபம்தான்.

இப்போதெல்லாம் எல்லாமே முன்கூட்டிப் பூக்கிறதா?

2025 பிப்ரவரி, 1901 முதலான பதிவுகளில் இந்தியாவின் மிக வெப்பமான பிப்ரவரி. கேரளத்தில் விஷுவுக்கு வேண்டிய கொன்றை பல இடங்களில் விஷுவுக்கு வெகுமுன்பே பூத்து ஓய்ந்துவிடுகிறது. ஆனால் ஒரு மரம் ஒரு வருஷம் முந்திப் பூத்ததை வைத்து நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். முந்தின மழை, வேரடி ஈரம், பக்கத்தில் போட்ட சிமெண்டுத் தரை என்று பல காரணம் உண்டு. ஜப்பானில் கியோட்டோ நகரத்துச் செர்ரிப் பூக்களுக்கு 1200 ஆண்டுக் குறிப்பு இருக்கிறது. 2021-இல் மார்ச் 26 அன்று பூத்து நிறைந்ததை "இவ்வளவு சீக்கிரம் பூத்ததே இல்லை" என்று அவர்களால் சொல்ல முடிந்தது. நம் வேம்புக்கு அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. பாட்டிக்கு ஞாபகம் இருந்தது, பாட்டி போய்விட்டார்.

அப்படியானால் எப்படிக் குறித்து வைப்பது?

ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். தினமும் கடக்கிற மரமாக இருக்கட்டும். வாரம் ஒரு நாள், அதே கிழமையில், நான்கு விஷயம்: பழைய இலை எவ்வளவு, தளிர் எவ்வளவு, பூ எவ்வளவு, காய் எவ்வளவு. "இல்லை, கொஞ்சம், நிறைய" போதும். இலை இல்லை என்பதும் ஒரு குறிப்புதான், அதை விட்டுவிடாதீர்கள். நாடு முழுவதும் இப்படி மரங்களைப் பார்ப்பவர்களின் குறிப்புகளைச் சேர்க்கும் சீசன்வாட்ச் என்ற திட்டம் இருக்கிறது, அதிலும் பதியலாம். நான் இன்னும் பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன்.

வேப்பம்பூ எப்போது எடுப்பது? கடைப்பூவில் ஒரே குச்சியாக இருக்கிறது.

பங்குனியில், மாலை ஏழு மணிக்கு மேல் தெருவில் தேன் கலந்த ஒரு மெல்லிய வாசனை வந்தால் மரம் தயார். கிளையை ஒடிக்காதீர்கள். இரவு படுக்கப் போகும்முன் பழைய வேட்டியை மரத்தடியில் விரித்து, நான்கு மூலையிலும் கல் வையுங்கள். காலையில் வெயில் ஏறுமுன், எறும்பு வருமுன் சுருட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். முறத்தில் மெல்லப் புடைத்தால் காம்பும் சருகும் ஒதுங்கும். கழுவ வேண்டாம், மணம் போய்விடும். நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தினால் வெள்ளைப் பூ பழுப்பாகி, கையில் எடுத்தால் சலசலக்கும். ஒரு வேட்டிப் பூ காய்ந்தபின் ஒரு சின்ன ஹார்லிக்ஸ் பாட்டில் அளவுக்குத்தான் வரும். சித்திரைப் பிறப்பு அன்று மாங்காய்ப் பச்சடிக்கு ஒரு சிட்டிகை, மிச்சம் வருஷம் முழுக்க ரசத்துக்கு. நெய்யில் கருக வறுத்துவிடாதீர்கள், இறக்கியபின் தூவினால் போதும்.